பின்னேரத்தில் திணறும் பழைய மென்பொருள்: நினைவகக் கசிவை அறிகுறி கொண்டு கண்டறிதல்

திருகோணமலையில் என்.சி. வீதிக் கடைகள் தொடக்கம் உப்புவெளி விருந்தினர் விடுதிகள், தம்பலகாமத்து அரிசி ஆலைகள் வரை இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு மென்பொருள்களில் கணிசமானவை, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் விசுவல் பேசிக் 6 என்ற நிரலாக்க மொழியிலோ எக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருளிலோ எழுதப்பட்டவை. எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போயிருப்பார். மூல நிரல், அதாவது மென்பொருளாக எழுதப்பட்ட கட்டளைகள், எவரிடம் இருக்கிறதென்று தெரியாது. ஆனால் கடையின் கடன் கணக்கு முழுவதும் அதற்குள்ளேதான் இருக்கிறது. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றதால் விண்டோஸ் 11 கணினிக்கு மாறியவர்களிடமிருந்து வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றேதான்: காலையில் கடை திறக்கும்போது மென்பொருள் நன்றாக இயங்குகிறது, பின்னேரமானால் திணறுகிறது, இரவில் பூட்டப்போகும் நேரத்தில் ஏதோ ஒரு பிழைச்செய்தியுடன் நின்றுவிடுகிறது.

இதற்கு முதல் மருந்தாகப் பலரும் ரேமைக் கூட்டுகிறார்கள். கீழே சொல்லப்படும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் செலவு வீண். பழைய 32 பிட் மென்பொருள் முட்டிக்கொள்வது கணினியின் ரேமில் அல்ல, பணிசெயல் முறைமை அந்த மென்பொருளுக்கென விதித்துள்ள தனி உச்சவரம்பில். அந்த வரம்பு, கணினியில் 8 கிகாபைட் இருந்தாலும் 32 கிகாபைட் இருந்தாலும் மாறாது. ஆகவே எதையும் வாங்கும் முன்னர், எந்த எண் ஏறிக்கொண்டு போகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மென்பொருள் ஒன்று விண்டோஸிடம் நினைவகத்தைக் கேட்டுப் பெறுகிறது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் அதுவே கசிவு. மென்பொருளை முழுமையாக மூடும்போது அது வைத்திருந்த யாவற்றையும் விண்டோஸ் மீட்டுக்கொள்ளும் என்பதால், மூடித் திறந்தவுடன் எல்லாம் சரியானது போலத் தோன்றும். பழைய கணினியில் வராத தொல்லை புதியதில் ஏன் வருகிறது என்ற கேள்விக்கும் பெரும்பாலும் இதிலேயே விடை இருக்கிறது. முன்பு மேசைக் கணினியை ஒவ்வோர் இரவும் நிறுத்திவிட்டுப் போனார்கள். இப்போது மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். கணினி உறங்குகிறது, மென்பொருள் வாரக்கணக்கில் மூடப்படுவதேயில்லை. கசிவு அன்றும் இருந்தது. சேர்ந்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை.

அளவெடுத்தல்

கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள். அங்குள்ள அட்டவணை நிரல்களின் (நெடுவரிசைகளின்) தலைப்பின் மீது வலது சொடுக்குச் செய்து ‘செலக்ட் கொலம்ஸ்’ என்பதைத் தெரிந்து, கொமிட் சைஸ், ஹாண்டில்ஸ், யூசர் ஒப்ஜெக்ட்ஸ், ஜி.டி.ஐ. ஒப்ஜெக்ட்ஸ், பிளாட்ஃபோம் ஆகிய ஐந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாட்ஃபோம் நிரல் உங்கள் மென்பொருள் 32 பிட்டா 64 பிட்டா என்பதைச் சொல்லும்.

இயல்பாகவே அங்கு காட்டப்படும் ‘மெமரி’ நிரலை நம்ப வேண்டாம். அது அந்த நேரத்தில் ரேமில் உள்ள பகுதியை மாத்திரமே காட்டுகிறது. நெருக்கடி வரும்போது விண்டோஸ், பயன்படாத பக்கங்களை வன்தட்டுக்குத் தள்ளிவிடும் என்பதால், கசிவு கூடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண் குறைவதும் உண்டு. கொமிட் சைஸ் என்பதே மென்பொருள் கேட்டுப் பெற்று இன்னும் திருப்பித் தராத மொத்த அளவு.

காலையில் மென்பொருளைத் திறந்த உடனும், அதன் பின் அரை மணிக்கு ஒரு தடவையும் நான்கு எண்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அத்துடன் அந்த இடைவெளியில் எத்தனை பற்றுச்சீட்டுகள் போடப்பட்டன, எந்த அறிக்கை எடுக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது விடயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நேரத்தோடு ஏறும் கசிவும் வேலையோடு ஏறும் கசிவும் வேறு வேறு. வாடிக்கையாளர் இல்லாத மதிய வேளையிலும் எண் ஏறினால், பின்னணியில் ஓடும் நேரங்காட்டி போன்ற ஏதோ ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். பற்றுச்சீட்டு போடும்போது மட்டும் படிப்படியாக ஏறினால், அந்தத் திரைக்குப் பின்னாலுள்ள மென்பொருள் கட்டளைகளிலோ, அச்சுப்பொறியை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளிலோ குற்றம் இருக்கிறது.

ஓர் எண் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது கசிவல்ல. விசுவல் ஃபொக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதப்பட்டவை, தரவை விரைவாகப் படிப்பதற்கென்று கணினியிலுள்ள ரேமுக்கு ஏற்பப் பெரியதொரு பங்கைத் தாமே ஒதுக்கிக்கொள்ளும். ரேம் கூடிய புதிய கணினியில் அந்தப் பங்கும் கூடித் தெரியும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரியது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே விசிறித் துவாரம் தூசியால் அடைபட்ட கணினி, மதியத்துக்குப் பின் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பின்னேரத்தில் மந்தமாவது இதிலும் நடக்கும். மென்பொருளை மூடித் திறந்தும் வேகம் திரும்பவில்லையென்றால், டாஸ்க் மனேஜரின் ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதியில் சி.பி.யு. வேகத்தைப் பாருங்கள், வேலை மும்முரமாக நடக்கும்போதே அது அடிப்படை வேகத்துக்கும் கீழே நின்றால், தேவைப்படுவது தூசி துடைக்கும் தூரிகை.

அறிகுறி: ரேம் மிச்சமிருக்கிறது, ஆனாலும் ‘அவுட் ஒஃப் மெமரி’ என்று வருகிறது

விசுவல் பேசிக் 6 மென்பொருளில் இது ‘ரன்டைம் எரர் 7’ என்ற எண்ணுடன் வரும். 32 பிட் மென்பொருள் ஒன்றுக்கு விண்டோஸ் வழங்கும் முகவரி வெளி, அதாவது அது பயன்படுத்தக்கூடிய நினைவக இடத்தின் மொத்தம், வேறு ஏற்பாடு செய்யப்படாவிட்டால், 2 கிகாபைட் மட்டுமே. மென்பொருளின் சொந்தத் தரவு மட்டுமல்ல, அது துணைக்கு ஏற்றும் டி.எல்.எல். கோப்புகள், அதனுள் ஒருங்கே ஓடும் ஒவ்வொரு வேலைக்குமான தற்காலிக இடம் என எல்லாமே இந்த 2 கிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆகவே கொமிட் சைஸ் 2 கிகாபைட்டை எட்டும் முன்னரே பிழை வந்துவிடும்.

கொமிட் சைஸ் ஒன்றரைக் கிகாபைட் அளவில் நிற்கும்போது பிழை வந்தால் அது சந்தேகமில்லாத கசிவு. ஆனால் முந்நூறு, நானூறு மெகாபைட்டிலேயே பிழை வருகிறதென்றால், முகவரி வெளி துண்டு துண்டாகச் சிதறியிருக்கிறதென்று கொள்ள வேண்டும்: மொத்தத்தில் வெற்றிடம் நிறைய இருக்கும், தொடர்ச்சியான ஒரு பெரிய இடம் இராது. சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுப்பிலுள்ள விஎம்மாப் என்ற இலவசக் கருவி, மீதியுள்ள மிகப் பெரிய தொடர்ச்சியான துண்டு எவ்வளவு என்பதைக் காட்டும்.

இவ்வாறான சிதறலில் முதலில் மாட்டிக்கொள்வது அச்சு முன்னோட்டமும் வருடிய படமுமே. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் முழு வண்ணப் படமாக்கினால், 4,960 பெருக்கல் 7,016 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என ஏறத்தாழ 139 மெகாபைட் ஒரே துண்டாகத் தேவைப்படும். 300 புள்ளிக்குக் குறைத்தால் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். விடுதிகளில் விருந்தினரின் கடவுச்சீட்டை வருடிப் பதிவில் சேர்க்கும் பழைய மென்பொருள்களுக்கு, வருடியின் அமைப்பை மாற்றும் இந்த ஒரு காரியமே பல மாதங்களுக்குப் போதுமானது.

உண்மையான கசிவாயின், மென்பொருளின் எக்ஸி கோப்பில் ‘லாஜ் அட்ரஸ் எவேயர்’ என்ற அடையாளத்தை இட்டு, 64 பிட் விண்டோஸில் முகவரி வெளியை 4 கிகாபைட்டாக்கலாம். விசுவல் ஸ்டூடியோவுடன் வரும் எடிட்பின் கருவி இதைச் செய்யும். கோப்பின் பிரதியொன்றை எடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள். கோப்பில் இலக்கமுறைக் கையொப்பம் இருந்தால் அது செல்லாமற் போகும். 2 கிகாபைட்டுக்கு மேலான முகவரியை எதிர்பாராமல் எழுதப்பட்ட மென்பொருள், முன்பு வராத இடங்களில் பிழைவிடவும் கூடும். ஒரு வாரம் பிரதித் தரவில் ஓட்டிப் பார்த்த பின்னரே உண்மைக் கணக்கில் பயன்படுத்த வேண்டும். இது கசிவை அடைக்காது, பாத்திரத்தைத்தான் பெரிதாக்குகிறது.

எக்செஸ் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எக்செஸ் தரவுக் கோப்பின் உச்ச அளவும் 2 கிகாபைட்தான் என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்வது இலகு. கோப்பின் அளவு அந்த எல்லையை நெருங்கியிருந்தால் தொல்லை நினைவகத்தில் இல்லை. பிரதி எடுத்துவிட்டு ‘கொம்பக்ட் அன்ட் ரிப்பெயார்’ செய்யுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் திடீரென ஆங்கில எழுத்துகளாகின்றன, பொத்தான்கள் கறுப்பாகின்றன

இந்த அறிகுறியை எழுத்துருக் கோளாறு என்று எண்ணி, பாமினி என்ற தமிழ் எழுத்துருவை அழித்து மறுபடி நிறுவி, அதனால் குணமானதாகவும் நம்புபவர்கள் பலர். நிறுவுவதற்காக மென்பொருளை மூடினார்களே, அதனால் வந்த குணம் அது.

நடப்பது இதுதான். திரையில் ஓர் எழுத்தை வரைய வேண்டுமானால் மென்பொருள் எழுத்துரு, தூரிகை, பேனை போன்ற ஜி.டி.ஐ. பொருள்களை உருவாக்கி, வரைந்து முடிந்ததும் அழிக்க வேண்டும். ஒரு மென்பொருள் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய இத்தகைய பொருள்களின் எண்ணிக்கையை விண்டோஸ் 10,000 என இயல்பாக வரையறுத்துள்ளது. பற்றுச்சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் புதிதாகப் பாமினி எழுத்துருப் பொருளொன்றை உருவாக்கி அதை அழிக்காமல் விடும் மென்பொருளில், ஒரு பற்றுச்சீட்டுக்கு 20 பொருள்கள் கசிந்தால் 500 ஆவது பற்றுச்சீட்டில் கதை முடிந்துவிடும். அதன் பின் எழுத்துருவைக் கேட்டால் விண்டோஸ் மறுத்துவிடும். மென்பொருள் மறுப்பைக் கவனிக்காமல், கையிலிருக்கும் இயல்பான ஆங்கில எழுத்துருவிலேயே வரைந்துவிடும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் அமர்ந்திருக்கின்றன. ஆகவே ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து குறிகள் தோன்றும். இரும்புக்கடைப் பற்றுச்சீட்டில் ‘ஆணி’ இருக்க வேண்டிய வரி இப்படி மாறும்போது, அதே பற்றுச்சீட்டின் இலக்கங்கள் சரியாகவே இருப்பதைக் கவனித்தால் ஐயம் தீரும்.

உறுதிப்படுத்துவது எளிது. ஜி.டி.ஐ. ஒப்ஜெக்ட்ஸ் நிரல் காலையில் சில நூறாக இருந்து, பற்றுச்சீட்டுக்குப் பற்றுச்சீட்டு ஒரே அளவால் ஏறி, 10,000 ஐத் தொட்டதும் நின்றால் வேறு சாட்சி தேவையில்லை. இந்த வேளையில் கொமிட் சைஸ் நூறு மெகாபைட்டைக்கூடத் தாண்டியிராமலிருக்கலாம். ஆகவேதான் நினைவகத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கசிவு அகப்படுவதில்லை.

ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புப் பதிவேட்டில் இந்த 10,000 ஐ உயர்த்த இடமுண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரு பயனர் அமர்வில் உள்ள எல்லா மென்பொருள்களுக்கும் சேர்த்தே 65,536 என்ற எல்லை இருப்பதால், ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் ஏனையவையும் சேர்ந்து விழும். மூல நிரல் கிடைக்குமானால், எழுத்துருவை ஒரு தடவை மட்டும் உருவாக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்துமாறு திருத்துவது ஒரு பொழுது வேலை. கிடைக்காவிட்டால், எண் 8,000 ஐக் கடக்கும்போது மென்பொருளை மூடித் திறக்கும்படி காசாளருக்குச் சொல்லி வையுங்கள்.

புதிய சாளரங்களும் மெனுக்களும் திறக்காமற் போவது இதன் உறவுக்கார அறிகுறி. அங்கே யூசர் ஒப்ஜெக்ட்ஸ் நிரலைப் பாருங்கள். அதற்கும் இயல்பான வரம்பு 10,000 தான்.

அறிகுறி: மென்பொருளை மூடிய பின்னும் நினைவகம் திரும்பவில்லை

முதலில் உண்மையாகவே மூடப்பட்டதா என்று பாருங்கள். விசுவல் பேசிக் 6 இல், கண்ணுக்குத் தெரியும் சாளரத்தை மூடினாலும், மறைத்து வைக்கப்பட்ட வேறொரு சாளரம் நினைவகத்தில் இருந்தால் மென்பொருள் ஓடிக்கொண்டேயிருக்கும். டீட்டெய்ல்ஸ் பகுதியில் அதே பெயர் மூன்று நான்கு தடவை காணப்பட்டால் இதுதான் காரணம்.

எக்செலுக்கு அறிக்கை அனுப்பும் மென்பொருள்களில் எக்செலே மூடப்படாமல் தங்கிவிடும். மென்பொருள், திரையில் தெரியாத எக்செல் ஒன்றைத் திறந்து, அறிக்கையை நிரப்பி, ‘குவிட்’ சொன்ன பின்னும், அதன் ஏதோ ஒரு தாளைச் சுட்டும் குறிப்பை விடுவிக்காமல் வைத்திருந்தால், எக்செல் வெளியேறாது. நாளொன்றுக்குப் பத்து அறிக்கை எடுத்தால் பத்து எக்செல் தெரியாமல் ஓடும். வேறு எக்செல் வேலை எதுவும் திறந்திராத நேரம் பார்த்து அவற்றை நிறுத்துங்கள்.

மூன்றாவது சாத்தியம் அச்சிடல். 32 பிட் மென்பொருள், 64 பிட் அச்சுப்பொறி டிரைவருடன் பேசுவதற்கு விண்டோஸ் ஓர் இடைத்தரகரை வைத்திருக்கிறது. அதன் பெயர் எஸ், பி, எல் என்ற எழுத்துகளில் தொடங்கி 64 என முடியும். அதுவோ, அச்சு வரிசையை நிர்வகிக்கும் ‘பிரின்ட் ஸ்பூலர்’ சேவையோ ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் பருத்தால், குற்றவாளி டிரைவர். கணக்கு மென்பொருள் அல்ல. டொட் மெட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கு ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரைப் போடும்படி எவரேனும் ஆலோசனை சொன்னால், பாமினியில் தமிழ் அச்சிடும் கடைகள் அதை ஏற்க முடியாது: அந்த டிரைவர் எழுத்துருவை அனுப்பாது, எழுத்துக் குறிகளை மட்டுமே அனுப்பும். உற்பத்தியாளரின் புதிய டிரைவரைப் போட்டுப் பாருங்கள். அதுவரை, அச்சு வரிசை வெறுமையாக உள்ள நேரத்தில் ஸ்பூலர் சேவையை ஒரு தடவை மறுதொடக்கம் செய்யலாம்.

அறிகுறி: எந்த மென்பொருளும் பெரிதாகத் தெரியவில்லை, ஆனாலும் நினைவகம் நிறைந்திருக்கிறது

பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரியைத் திறந்து ‘நொன் பேஜ்ட் பூல்’ (விண்டோஸும் டிரைவர்களும் எடுத்துக்கொள்ளும், வன்தட்டுக்குத் தள்ளப்படாத நினைவகம்) என்ற எண்ணைப் பாருங்கள். சாதாரணக் கடைக் கணினியில் அது சில நூறு மெகாபைட்டுக்குள் நிற்கும். கிகாபைட் கணக்கில் போனால் ஒரு டிரைவர் கசிகிறது. பழைய கணக்கு மென்பொருளோடு வந்த டொங்கிளின் (உரிமத்தை உறுதிப்படுத்தக் கணினியில் செருகும் சிறு கருவியின்) டிரைவரும், எப்போதோ போட்டு அரைகுறையாக அகற்றிய வைரசு எதிர்ப்பானும் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியவை. தொழில்நுட்பம் தெரிந்தவர், விண்டோஸ் டிரைவர் கிட்டுடன் வரும் பூல்மொன் கருவியைக் கொண்டு, ஏறிக்கொண்டு போகும் நான்கெழுத்து அடையாளத்தைப் பிடித்து, அது எந்த டிரைவர் கோப்பினுள் இருக்கிறது என்று தேடலாம்.

இங்கே பலரையும் ஏமாற்றுவது, ‘ஒவ்வோர் இரவும் ஷட் டவுன் செய்கிறோமே’ என்ற நம்பிக்கை. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது மென்பொருள்கள் மூடப்படுமே தவிர, பணிசெயல் முறைமையின் உட்கருவும் டிரைவர்களும் வன்தட்டில் அப்படியே சேமிக்கப்பட்டு, காலையில் அதே நிலையில் திரும்ப ஏற்றப்படும். டிரைவரின் கசிவும் கூடவே திரும்பி வரும். சி.பி.யு. பகுதியிலுள்ள ‘அப் டைம்’ பல நாட்களைக் காட்டுவது இதனாலேயே. ‘ரீஸ்டார்ட்’ மட்டுமே உட்கருவைப் புதிதாகத் தொடங்கும். கொன்ட்ரோல் பனலின் ‘பவர் ஒப்ஷன்ஸ்’ இல் இந்த வசதியை நிறுத்திவிடலாம்.

மென்பொருள் நின்றபோது என்ன நடந்தது, யார் எதை மூடினார் என்று காசாளரிடம் விசாரிப்பதைவிட, ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவைத் திறந்து 2004 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுவது பயன் தரும். நினைவகத் தட்டுப்பாடு வரும்போது விண்டோஸ் அங்கே, கூடுதலாக எடுத்துக்கொண்ட மென்பொருள்களின் பெயரையும் அளவையும் நேரத்தோடு எழுதி வைக்கிறது. பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக வன்தட்டில் ஒதுக்கும் கோப்பை) நிறுத்தி வைத்த கணினிகளில் இந்த நிகழ்வு அடிக்கடி வரும். அதை விண்டோஸே நிர்வகிக்குமாறு விட்டுவிடுங்கள்.

மூல நிரல் இல்லாதபோது

திருத்த முடியாத கசிவை, அது வரம்பைத் தொடும் முன்னர் வெட்டிவிடுவதே எஞ்சும் வழி. டாஸ்க் ஷெட்யூலரில், கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்துக்கு ஒரு பணியை அமைத்து மென்பொருளை மூடித் திறக்கச் செய்யலாம். மூடும் கட்டளையில் வலிந்து நிறுத்தும் தெரிவைச் சேர்க்கக் கூடாது: எழுதிக்கொண்டிருக்கும்போது வலிந்து கொன்றால் எக்செஸ் தரவுக் கோப்பு பழுதாகக்கூடும். பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும் பணி ஓடுமாறு அமையுங்கள். இல்லையேல் மூடும் வேண்டுகோள் அந்தச் சாளரத்தைச் சென்றடையாது. ‘வெளியேற வேண்டுமா?’ என்று கேட்கும் மென்பொருளாயின் அந்தக் கேள்வியிலேயே காத்து நிற்கும். அத்தகையவற்றுக்குத் தானியங்கி ஏற்பாடு பொருந்தாது, மதியச் சாப்பாட்டுக்கு எழும்பும்போது காசாளர் தம் கையால் மூடிவிட்டுப் போவதே நல்லது.

அதுவும் போதாதென்றால், வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி ஒன்றினுள் பழைய விண்டோஸை நிறுவி, அதனுள் மென்பொருளை ஓட்டலாம். நீங்கள் ஒதுக்கிய ரேமைத் தாண்டி அது எதையும் எடுக்க முடியாது. கசிந்தால் உள்ளேயே கசியும், நிலைமை முற்றினால் மெய்நிகர் கணினியை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 இலேயே முடிந்துவிட்டதால், அதன் வலையமைப்பு இணைப்பை அமைப்பிலேயே துண்டித்துவிட வேண்டும். டொங்கிளையும் அச்சுப்பொறியையும் யு.எஸ்.பி. வழியாக உள்ளே கொடுக்க முடிகிறதா என்று முதலில் சோதியுங்கள். டொங்கிளை அடையாளம் காணாத மெய்நிகர் கணினியில் ஏனைய எல்லாம் ஓடினாலும் கணக்கு மென்பொருள் திறக்காது.